எர்ல் ஏன் டைவர்ஸ் கொடுக்கவில்லை? பழிவாங்கும் கல்யாணக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இங்கிலாந்துச் சரித்திரக் காதல் குறுநாவல்களைத் தமிழில் கதையாகச் சொல்லி அனுப்புகிறேன். கேட்பவர்கள் என் சித்தி, சித்தியோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூன்று டீச்சர்கள், ஒரு வக்கீல் அக்கா, கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர். எந்தக் கதையைச் சொன்னாலும் சாயங்காலத்துக்குள் அதே சந்தேகங்கள் வந்துவிடும். சித்தியின் வாய்ஸ் மெசேஜில் பீன்ஸ் நறுக்கும் சத்தமும் சேர்ந்து வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பதில் சொல்லி மாளவில்லை. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த வகைக் கதைக்கு ஓர் அச்சு உண்டு. 1812 வாக்கில் ஒரு எர்ல், அதாவது பட்டம் உள்ள ஓர் இங்கிலாந்துப் பிரபு. அவன் அப்பாவைச் சீட்டாட்ட மேசையில் ஓட்டாண்டியாக்கியவர் லண்டனில் ஒரு பணக்கார வியாபாரி. எர்ல் அந்த வியாபாரியின் மகளைக் காதலிப்பதுபோல் நடித்துக் கட்டிக்கொள்கிறான். மறுநாள் காலை உண்மையைச் சொல்லி, யார்க்‌ஷயரில் கூரை ஒழுகும் ஒரு பழைய மாளிகையில் அவளை விட்டுவிட்டு நெப்போலியனோடு சண்டை போடப் போய்விடுகிறான். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். மீதிக் கதைதான் இரண்டாவது வாய்ப்பு. கீழே "நம்ம எர்ல்" என்று வருவதெல்லாம் இந்த ஆள்தான்.

குறுநாவல்னா எவ்வளவு நீளம்? முழு நாவலாவே எழுதினா என்ன?

பொதுவாக 20,000 முதல் 40,000 வார்த்தை. இவ்வளவு சின்ன இடத்தில் காதல், கல்யாணம், துரோகம், பிரிவு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல முடியாது. அதனால் பெரும்பாலும் அவன் திரும்பி வந்து வாசல் கதவைத் தட்டுகிற இடத்தில்தான் கதை தொடங்கும். முன்கதை துண்டு துண்டாக நடுவில் வரும். முதல் இருபது பக்கம் தலைகால் புரியவில்லை என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

"ரீஜென்சி"ங்கறாங்களே, அது ஊர் பேரா, ராஜா பேரா?

இரண்டும் இல்லை, காலத்தின் பெயர். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்துப்போக, 1811இல் அவருடைய மகன் "ரீஜென்ட்" என்ற பட்டத்தோடு ஆட்சியை ஏற்றார். அப்பா 1820இல் செத்தபிறகுதான் மகன் நான்காம் ஜார்ஜ் ஆனார். நடுவில் இருந்த ஒன்பது வருஷம்தான் ரீஜென்சி. நம்ம பக்கம் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது 1801, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தது 1806. அதற்குக் கொஞ்சம் பின்னால் என்று மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

எர்ல், டியூக், வைகவுண்ட், இதுல யாரு பெரியவன்?

மேலிருந்து கீழே: டியூக், மார்க்வெஸ், எர்ல், வைகவுண்ட், பாரன் (Baron). பேரனெட் என்று ஒன்று வரும், அது பரம்பரைப் பட்டம்தான், ஆனால் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. பட்டமும் பிரிக்காத நிலமும் மூத்த மகனுக்குப் போகும். தம்பிமார் ராணுவத்துக்கோ சர்ச்சுக்கோ போவார்கள், அல்லது பணக்காரப் பெண்ணைத் தேடுவார்கள்.

கதைக்கு முக்கியமான ஒரு சலுகையும் உண்டு. கடனைக் கட்டவில்லை என்று ஒரு பிரபுவைச் சிறையில் போட முடியாது. வியாபாரியைப் போடலாம். இரண்டு பேரும் ஒரே அளவு கடன்பட்டாலும் ஒருவர்தான் மார்ஷல்சீ சிறைக்குப் போவார். பழிவாங்கும் கதைகளில் எர்லின் கை எப்போதும் ஓங்கி இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தருமர் மாதிரி சீட்டாட்டத்துல வீடு வாசலையே தோத்துட முடியுமா?

கதாசிரியர்கள் நைஸாக ஏமாற்றும் இடம் இது. சூதாட்டக் கடனுக்காக எழுதிக்கொடுத்த பத்திரம், அடமானம் எதுவும் செல்லாது என்று 1710லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 10 பவுண்டோ அதற்கு மேலோ தோற்றுக் கொடுத்தவன் மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப வாங்கவும் வழி இருந்தது. போதாததற்கு, பெரிய குடும்பங்களின் சொத்து பேரன் தலைமுறை வரை செட்டில்மென்ட் பத்திரத்தில் கட்டுண்டு கிடக்கும். இப்போது அனுபவிப்பவருக்கு வருமானம் உண்டு, விற்கும் உரிமை இல்லை.

அப்படியானால் எர்லின் அப்பா ஏன் ஓட்டாண்டி ஆனார்? சூதாட்டக் கடன் கௌரவக் கடன். கோர்ட் கேட்காது, கிளப் கேட்கும். தையல்காரனுக்கு மூன்று வருஷம் பாக்கி வைப்பவர்கூடச் சீட்டில் தோற்றதை உடனே கொடுத்துவிடுவார், கொடுக்காவிட்டால் எந்த வீட்டிலும் ஏற்ற மாட்டார்கள். அதற்காக மரத்தை வெட்டி விற்று, மனைவியின் நகையை விற்று, வட்டிக்கு வாங்கி அழிந்தவர்கள் நிஜமாகவே உண்டு. தருமரையும் சட்டமா கட்டிப்போட்டது?

மூணு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பேரைப் படிக்கிறாங்களே, அது எதுக்கு?

நம்ம ஊர் சர்ச்சுகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வாரம் ஓலை வாசிப்பார்களே, அதேதான். 1754இல் நடைமுறைக்கு வந்த கல்யாணச் சட்டப்படி, ஒன்று இப்படி வாசிக்க வேண்டும், இல்லையென்றால் பிஷப்பிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். 21 வயது ஆகாதவர் லைசென்ஸில் கட்டினால் அப்பாவின் சம்மதம் கட்டாயம். கேன்டர்பரி ஆர்ச்பிஷப் தரும் "ஸ்பெஷல் லைசென்ஸ்" இருந்தால் எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் கட்டலாம். நம்ம எர்ல்களின் பாக்கெட்டில் எப்போதும் இருப்பது அதுதான். ஓடிப்போகிறவர்களுக்கு ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டினதும் கிரெட்னா கிரீன். அங்கே இரண்டு சாட்சி முன்னால் சம்மதம் சொன்னாலே கல்யாணம்.

பிடிக்கலன்னா டைவர்ஸ் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். முடியாது. ரீஜென்சி இங்கிலாந்தில் டைவர்ஸ் கொடுக்கும் கோர்ட் என்று ஒன்றே கிடையாது. சர்ச் கோர்ட் "தனியாக இருந்துகொள்ளுங்கள்" என்று தீர்ப்புச் சொல்லும், ஆனால் மறுமணம் செய்ய முடியாது. முழுசாகப் பிரிந்து வேறு கல்யாணம் பண்ண வேண்டுமென்றால், அந்த ஒரு தம்பதிக்காக மட்டும் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் போட வேண்டும்!

அதற்குப் படிகள் மூன்று. மனைவிக்கு வேறொருவனோடு உறவு என்று சர்ச் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அந்த ஆள்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட வேண்டும். அதற்கு "கிரிமினல் கான்வர்சேஷன்" என்று பெயர், "கிரிம் கான்" என்று சுருக்கிச் சொல்வார்கள். புருஷனுக்கும் கள்ளக்காதலனுக்கும் நடுவில் நடக்கும் அந்த வழக்கில் மனைவி கட்சிக்காரியே இல்லை, சாட்சி சொல்லவும் முடியாது. கடைசியில் பிரபுக்கள் சபையில் மசோதா. வேலைக்காரப் பெண் படுக்கை விரிப்பைப் பற்றிச் சொன்ன சாட்சியம் மறுநாள் பத்திரிகையில் வரும். 1857இல் டைவர்ஸ் கோர்ட் வரும்வரை இப்படி நிறைவேறியவை மொத்தமே முந்நூற்றுச் சொச்சம்.

ராஜாவுக்கே முடியவில்லை என்பதைக் கேளுங்கள். ரீஜென்ட் இளவரசர் 1795இல் கேரலைனைக் கட்டினார். ஒரு பெண் குழந்தை பிறந்த கையோடு பிரிந்தார்கள். 1820இல் ராஜா ஆனதும் அவரைக் கழற்றிவிடப் பிரபுக்கள் சபையில் மசோதா கொண்டுவந்தார். 9 ஓட்டு வித்தியாசத்தில்தான் தேறியது. ஊரே கேரலைன் பக்கம் நிற்க, அரசாங்கம் மசோதாவைச் சுருட்டிக்கொண்டது. மறுவருஷம் முடிசூட்டு விழாவில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி வாசலில் ராணியை உள்ளே விடாமல் கதவைச் சாத்தினார்கள். மூன்று வாரத்தில் அவர் இறந்துபோனார்.

தப்பு பண்ணினது அவன். அப்ப அவ போட முடியாதா அந்தக் கேஸை?

மேலே சொன்ன முந்நூற்றுச் சொச்சத்தில் பெண்கள் பெற்றவை நாலே நாலு. முதலாவது 1801இல். அந்தப் பெண்ணின் புருஷன் தொடர்பு வைத்திருந்தது அவளுடைய சொந்தச் சகோதரியோடு. திரும்பச் சேர்ந்தால் முறைகெட்ட உறவாகிவிடும் என்ற நிலையில்தான் சபை இறங்கி வந்தது. வெறுமனே வேறொரு பெண்ணிடம் போனான், கைவிட்டான், ஏமாற்றினான் என்பதெல்லாம் எடுபடாது. 1857 சட்டத்திலும் புருஷனுக்கு மனைவியின் ஒரு தப்பு போதும், மனைவி என்றால் அவன் கள்ளத்தொடர்போடு கொடுமையோ, கைவிட்டதோ ஒன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அது சமமானது 1923இல்.

பணக்கார வீட்டுப் பொண்ணாச்சே, அப்பா குடுத்த பணத்தை எடுத்துட்டுக் கெளம்பலாமே?

எந்தப் பணத்தை? கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட நிமிஷத்தில் அவளுடைய ரொக்கம், நகை, துணிமணி எல்லாம் சட்டப்படி அவனுடையது. நிலம் இருந்தால் அவள் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, ஆனால் வாடகையும் விளைச்சலும் அவனுக்கு. அவள் பாட்டுச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தாலும் அவனுக்கு. நம்ம பழைய சாஸ்திரத்தில்கூட ஸ்ரீதனம் பெண்ணுடையது என்று ஒரு பேச்சு இருந்தது. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் அதுவும் இல்லை. 1870, 1882 சட்டங்கள் வந்துதான் மாறியது.

விவரமான அப்பாக்கள் இதைத் தாண்ட ஒரு வழி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே வக்கீலை வைத்து செட்டில்மென்ட் எழுதி, மகள் பங்கை டிரஸ்டிகள் பெயரில் போட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் அவள் கைச்செலவுக்கு இவ்வளவு, அவன் செத்தால் விதவைக்கு இவ்வளவு என்று கணக்காக இருக்கும். கதையில் இந்தப் பத்திரம் எழுதப்பட்டதா, யார் டிரஸ்டி என்று பாருங்கள். அதைப் பற்றி மூச்சே விடாத கதையில், லட்சக்கணக்கில் சம்பாதித்த வியாபாரி மகளைச் சும்மா தூக்கிக் கொடுத்தார் என்று நம்பச் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

சரி, கல்யாணம் பண்ணி எப்படிப் பழிவாங்கறது? அவனும்தானே மாட்டிக்கிட்டான்?

நல்ல கேள்வி. கதையின் முடிச்சே இதுதான். டைவர்ஸ் கிடையாது, பணம் போய்விட்டது, அவள் எங்கே தங்குவது என்று முடிவு செய்வதும் அவன். மாமனாரிடமிருந்து மகளையும் பணத்தையும் ஒரே கையெழுத்தில் பறித்தாயிற்று. பேரனைக் கண்ணில் காட்டாமலும் இருக்கலாம்.

ஆனால் நீங்கள் சொல்வதும் சரி, கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். பட்டத்துக்கு வாரிசு வேண்டும், அது முறையான மனைவி வயிற்றில்தான் பிறக்க வேண்டும். வைப்பாட்டியின் பிள்ளைக்குப் பட்டம் கிடைக்காது. யாரைப் பழிவாங்கக் கட்டினானோ அவளைத் தவிர வேறு யாரும் இனி அவனுக்குப் பிள்ளை பெற்றுத் தர முடியாது. பாதிக் கதைகளில் மூன்று வருஷம் கழித்து அவன் திரும்பி வருவதே, காதலால் இல்லை, வாரிசுக்காகத்தான்.

அவ சும்மா அழுதுட்டுத்தான் இருக்கணுமா? திருப்பி ஒண்ணும் செய்ய முடியாதா?

முடியும், கடைக் கணக்கில். மனைவியின் அந்தஸ்துக்கு ஏற்ற சாப்பாடு, துணி, வீடு ஆகியவற்றுக்கான கடனைப் புருஷன்தான் அடைக்க வேண்டும். எர்லின் மனைவி என்றால் பட்டும் கோச்சு வண்டியும்கூட அத்தியாவசியம் என்று கடைக்காரன் வாதாடுவான். புருஷர்கள் பதிலுக்கு, "என் மனைவி வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல" என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார்கள். காரணமில்லாமல் அவளை விரட்டியவனுக்கு அந்த விளம்பரம் உதவாது.

ஒழுகும் மாளிகைக்குப் புதுக் கூரை போட்டு, பில்லை எர்லுக்கு அனுப்பும் நாயகி வந்தால் நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். கூரைச் செலவு, எத்தனை ஓடு என்பதெல்லாம் டீச்சர்கள் மூவரும் கேட்பார்கள்.

முதல் ராத்திரியே நடக்கலியே, அப்போ கல்யாணம் தானா ரத்தாயிடாதா?

ஆகாது. இதைத் தப்பாக எழுதும் கதைகள் ஏராளம். தாம்பத்தியம் நடக்கவில்லை என்பது மட்டும் அன்றைக்குக் காரணமே இல்லை. முடியாது, இயலாமை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். வழக்கமாக மூன்று வருஷம் சேர்ந்து இருந்து பார்த்தாயா என்று கேட்பார்கள், டாக்டர் பரிசோதனையும் உண்டு. எந்த எர்ல் அதற்குச் சம்மதிப்பான்? வேண்டுமென்றே மறுத்தான் என்ற காரணத்துக்காகக் கல்யாணத்தை ரத்து செய்யலாம் என்று இங்கிலாந்துச் சட்டம் சொன்னது 1937இல்தான்.

ரத்தாக வேறு காரணங்கள் உண்டு: ஏற்கெனவே கல்யாணமானவன், நெருங்கிய ரத்த உறவு, 21 ஆகாதவர் அப்பாவின் சம்மதமில்லாமல் லைசென்ஸில் கட்டியது. "பழிவாங்கக் கட்டினான், காதலிப்பதாகப் பொய் சொன்னான்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

மிரட்டி, கடத்திக் கட்டினாக்கூடவா செல்லும்?

1826இல் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்பவர், எலன் டர்னர் என்ற 15 வயதுப் பணக்காரப் பெண்ணை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய்க் கடிதம் காட்டிப் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார். "உன் அப்பா திவாலாகிவிட்டார், என்னைக் கட்டினால்தான் காப்பாற்ற முடியும்" என்று நம்பவைத்து கிரெட்னா கிரீனில் கல்யாணத்தை முடித்தார். பிரான்ஸுக்குக் கூட்டிப்போன பெண்ணை உறவுக்காரர்கள் போய் மீட்டார்கள். வேக்ஃபீல்டுக்கு மூன்று வருஷம் சிறை.

இவ்வளவு அப்பட்டமான கடத்தலுக்கும் கல்யாணத்தை ரத்து செய்ய 1827இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. எலன் பிறகு வேறொருவரைக் கட்டி, 19 வயதில் பிரசவத்தில் இறந்தார். வேக்ஃபீல்ட் வெளியே வந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் குடியேற்றத் திட்டங்களில் பெரிய மனிதர் ஆனார். இந்தக் கதையைச் சொன்ன அன்றைக்குக் குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

குழந்தை பொறந்துட்டா அவளுக்கு ஒரு பிடி கெடைக்குமே?

தலைகீழ். குழந்தை அவனுடைய பிடி. பால்குடி மாறாத பிள்ளையைக்கூட அப்பா எடுத்துக்கொண்டு போய், அம்மா முகத்தைக் காட்டாமல் வளர்க்கலாம், கேட்பாரில்லை. கேரலைன் நார்ட்டன் என்ற எழுத்தாளருக்கு அதுதான் நடந்தது. அவருடைய புருஷன் 1836இல் அப்போதைய பிரதமர் மெல்போர்ன் பிரபுமேலேயே கிரிம் கான் வழக்குப் போட்டுத் தோற்றார். தோற்றும் பிள்ளைகளைக் கொடுக்கவில்லை. கேரலைன் எழுதி, ஆள் பிடித்து, போராடியதில் 1839இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கேட்டு அம்மா மனுப் போடலாம். நம்ம எர்லின் காலத்தில் அதுவும் இல்லை. அதனால்தான் இந்தக் கதைகளில் கர்ப்பத்தை மறைக்கும் நாயகிகள் இவ்வளவு பேர். அவளுக்குத் திமிர் என்று எழுதாதீர்கள், சித்தி.

விடியக்காலம் பனியில துப்பாக்கி எடுத்துட்டு நிக்கிறாங்களே, நெசமா?

நிஜம்தான், சட்டவிரோதமும்தான். செத்தால் கொலைக் கேஸ், ஆனால் ஜூரிகள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 1809இல் வெளியுறவு மந்திரி கேனிங்கும் போர் மந்திரி காசல்ரேயும் பட்னி ஹீத் மைதானத்தில் சுட்டுக்கொண்டார்கள். கேனிங்குக்குத் தொடையில் குண்டு. ஒரே மந்திரிசபை!

செத்துட்டான்னு நெனச்ச புருஷன் போர்லேருந்து திரும்பி வந்தா, ரெண்டாவது கல்யாணம் என்னாகும்?

செல்லாது. ஏழு வருஷம் தகவலே இல்லாமல் போனவனின் மனைவி வேறு கல்யாணம் பண்ணினால் அது குற்றமாகாது என்று 1604 சட்டம் சொன்னது. ஜெயிலுக்குப் போக மாட்டாள், அவ்வளவுதான். முதல் புருஷன் உயிரோடு வந்து நின்றால் அவன்தான் புருஷன், இரண்டாவது கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு வாரிசுரிமை போச்சு.

அக்கா செத்துட்டா மாமாவைத் தங்கச்சி கட்டிக்கலாமே? அதுக்கு ஏன் இவ்வளவு ரகளை?

நமக்குச் சாதாரணம், அவர்களுக்குப் பாவம். மனைவியின் சகோதரி, சர்ச் கணக்கில் சொந்தச் சகோதரி மாதிரி. அப்படிக் கட்டினால் யாராவது கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யலாம். 1835க்குப் பிறகு நடந்தவை அடியோடு செல்லாது, 1907இல்தான் அனுமதித்தார்கள். தாய்மாமனைக் கட்டுவதும் கூடாது. ஆனால் மாமன் மகள், அத்தை மகள் தாராளமாக ஆகும். மேலே சொன்ன ரீஜென்ட் இளவரசர் கட்டிய கேரலைன், அவருடைய சொந்த அத்தை மகள்தான். முறைப்பெண்ணைக் கட்டியும் அந்தக் கதி.

எல்லாம் கதை. நெசத்துல யாருக்காவது ரெண்டாவது வாய்ப்பு அமைஞ்சிருக்கா?

எனக்கு ரொம்பப் பிடித்த நிஜக் கதை இது. வெல்லெஸ்லி அண்ணன் தம்பிகளை நமக்குத் தெரியும். மூத்தவர் ரிச்சர்ட் கவர்னர் ஜெனரல், ஆர்தர் 1799இல் திப்பு விழுந்தபிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அதிகாரம் செய்து பின்னால் வெலிங்டன் டியூக் ஆனவர், கடைசித் தம்பி ஹென்றி. இந்த ஹென்றியின் மனைவி சார்லட் 1809 மார்ச்சில் நாலு பிள்ளைகளை விட்டுவிட்டு, பேஜெட் பிரபுவோடு வாடகைக் கோச்சு வண்டியில் ஏறிப் போய்விட்டார். பேஜெட்டுக்கும் மனைவி உண்டு, எட்டுப் பிள்ளைகள் உண்டு. சார்லட்டின் அண்ணன் பேஜெட்டைத் துப்பாக்கிச் சண்டைக்கு இழுத்தார். விம்பிள்டன் மைதானத்தில் நின்றார்கள், யாருக்கும் அடிபடவில்லை. ஹென்றி கிரிம் கான் வழக்கில் 20,000 பவுண்டுக்குக் குறையாத நஷ்டஈடு வென்று, 1810இல் நாடாளுமன்றம் வழியாக டைவர்ஸ் வாங்கினார். பேஜெட்டின் மனைவி ஸ்காட்லாந்து கோர்ட்டுக்குப் போனார். அங்கே பெண்ணும் சமமாக டைவர்ஸ் கேட்கலாம். அதே 1810இல் அவர் ஆர்கைல் டியூக்கைக் கட்டிப் புருஷனைவிடப் பெரிய பட்டத்துக்குப் போனார்! பேஜெட் சார்லட்டைக் கட்டினார். ஹென்றி 1816இல் மறுமணம் செய்தார். நாலு பேருக்கும் இரண்டாவது கல்யாணம்.

பழி? 1815இல் வாட்டர்லூவில் வெலிங்டனுக்குக் கீழே குதிரைப்படையை நடத்த அனுப்பப்பட்டவர், தம்பி பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போன அதே பேஜெட். இரண்டு பேரும் ஒன்றாகவே சண்டை போட்டார்கள். பேஜெட்டுக்கு ஒரு கால் போனது. வெட்டிய காலை அங்கேயே புதைத்துக் கல்லும் நட்டார்கள்.

வெலிங்டனுடைய சொந்த இரண்டாவது வாய்ப்பு மட்டும் தேறவில்லை. கையில் காசில்லாத காலத்தில் கிட்டி பேக்கனம் என்ற பெண்ணைக் கேட்டு, அவள் வீட்டில் மறுத்தார்கள். இந்தியாவில் பேரும் பணமும் சேர்த்துத் திரும்பியவர், பத்து வருஷத்துக்கு மேல் அவளைப் பார்க்காமலேயே மறுபடி கேட்டு 1806இல் கட்டினார். கடைசிவரை ஒட்டவே இல்லை. இதை வைத்து யாரும் காதல் குறுநாவல் எழுத மாட்டார்கள்.

"சேர்ந்து வாழ வா"ன்னு கேஸ் போடறது நம்ம சட்டத்துலயும் இருக்கே, அதுவும் அங்கேருந்து வந்ததா?

வக்கீல் அக்காவின் கேள்வி, பதிலும் அவருக்கே தெரியும். ஆமாம், அந்தச் சர்ச் கோர்ட் சரக்குதான். இங்கே அதில் சிக்கியவர் ருக்மாபாய். பதினொரு வயதில் கட்டிவைத்த புருஷனிடம் போக மறுத்தார். 1887இல் பம்பாய் கோர்ட் போ, இல்லையென்றால் ஆறு மாதம் ஜெயில் என்றது. ஜெயிலுக்கே போகிறேன் என்றார். பிறகு சமரசமாகி, லண்டனில் படித்து டாக்டர் ஆனார். இங்கிலாந்து இந்த வழக்கை 1970இல் ஒழித்தது. நம்மிடம் 1955 இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாக இருக்கிறது, உச்ச நீதிமன்றமும் 1984இல் செல்லும் என்றது. எர்ல் காலத்துச் சட்டம் என்று சிரிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கொடுமை பண்ணினவனை அவ ஏன் மன்னிக்கணும்? இது நம்ம ஆன்டி ஹீரோ கதைதானே?

நாயகனே நாயகியைக் கொடுமை செய்யும் நம்ம தமிழ் நாவல்களின் அச்சு அதேதான், ஒரு வித்தியாசம் உண்டு. இன்றைக்குக் கோயம்புத்தூரில் நடக்கும் கதையில் நாயகி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறலாம். ஏறாமல் இருப்பதற்கு எழுதுகிறவர் காரணம் சொல்ல வேண்டும். 1815இல் போக வழியே இல்லை. எனவே "இருப்பாளா, போவாளா" என்பது கேள்வியே அல்ல. வெளியே போக முடியாத ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் எப்படி இருக்கப்போகிறார்கள் என்பதுதான்.

அவன் திருந்தினானா என்று பார்க்க நான் ஒரே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன்: சட்டம் தனக்குக் கொடுத்ததில் எதையாவது திருப்பிக் கொடுத்தானா? மழையில் முட்டி போட்டு அழுவது எனக்குப் பத்தாது. அவள் பணத்தை டிரஸ்டிகள் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டானா? தனியாக இருக்க விரும்பினால் வருஷத்துக்கு இவ்வளவு என்று பிரிவுப் பத்திரம் எழுதி, போகிற கதவைத் திறந்து வைத்தபிறகு "இரு" என்று கேட்டானா? அப்படிக் கேட்டு அவள் இருந்தால், அதை நான் இரண்டு ஞாயிறு சொல்வேன். மூன்று வருஷக் கணக்கு நோட்டை அவள் மேசையில் வைக்க, அவன் உட்காராமல் நின்றுகொண்டே கடைசிப் பக்கம்வரை படிக்கிற மாதிரி ஒரு காட்சி இருந்தால் இன்னும் நல்லது. எதுவுமே கொடுக்காமல் முத்தத்தில் முடிக்கும் கதைகளைக் குழுவில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அந்த மாமனார் என்ன ஆனார்? கடைசில யாரும் அவரைக் கண்டுக்கவே இல்லையே?

சித்தி விடாமல் கேட்கும் கேள்வி. பெரும்பாலான கதைகளில் எட்டாம் அத்தியாயத்தில் அவரை மாரடைப்பில் அனுப்பிவிடுவார்கள். அல்லது, சீட்டில் ஏமாற்றியது அவர் இல்லை, வேறு ஒரு வில்லன் என்று வெள்ளையடிப்பார்கள். இரண்டுமே சோம்பேறித்தனம்.

டிரஸ்டி என்றேனே, அந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்துப் பாருங்கள். மகள் பணத்தை எழுதி வைக்க வேண்டுமென்றால் எர்ல் அவருடைய கணக்குப்பிள்ளை அறையில் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இங்கே ஒரு கையெழுத்து" என்று நிற்க வேண்டும். கிழவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பத்திரத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிப்பார். இந்தக் காட்சியை யாரும் எழுதி நான் படித்ததில்லை. நீயே எழுதேன்டி என்று சித்தி சொல்லி மூன்று வாரமாகிறது.